அவள் முதுகுக்குப் பின்னால் இருபது கிலோமீட்டர்

எங்கள் சைக்கிள் குழுவில் நான்கு வருடங்கள் நான் ஒருத்திதான் பெண். யாராவது அதைப் பற்றிக் கேட்டால் அலுத்துக்கொள்வது போலத்தான் பதில் சொல்வேன். "என்ன பண்றது, வேற யாரும் வர மாட்டேங்கறாங்களே" என்பேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பது, இரண்டாவதாக ஒருத்தி வந்து நின்ற காலையில்தான் எனக்கே தெரிந்தது.

எனக்கு வீடு ஆவடி சேக்காட்டில். வேலை பூந்தமல்லியில், ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் ஓட்டுவதற்காக நான் சர்ச்சில் காலைப் பூசையை விட்டுவிட்டு மாலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தபோது அம்மா பல மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குழுவில் எல்லோரும் என்னை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. ஆஸ்பத்திரி, சர்ச் இரண்டையும் சேர்த்து அவர்களாக வைத்துக்கொண்ட பெயர். முதலில் ஒருமுறை திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு சைக்கிள் கடை. அதன் முதலாளிதான் குழுவை ஆரம்பித்தவர். வெளிவட்டச் சாலையில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் அவர் கடை வாசலில் வந்து உட்காருவோம். பக்கத்து டீக்கடையிலிருந்து டீ வரும், மசால் வடை வரும். அப்புறம் பேச்சுதான். ஐரோப்பாவில் மலை மலையாக ஏறி இறங்குகிற பந்தய வீரர்களைப் பற்றி, எங்கள் தெருக்காரர்களைப் பற்றிப் பேசுவது போல உரிமையோடு பேசுவோம். இந்த வருஷம் எவன் மலையில் விழுவான், எந்த அணித்தலைவனுக்காக எவன் தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்தான், மழையில் இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் போனது வீரமா திமிரா, இப்படிப் போகும். ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் ஒருவர் என்னோடு ஓயாமல் சண்டை போடுவார். அவருக்குக் கடைசியில் வேகமெடுத்துப் பாய்கிறவர்களைத்தான் பிடிக்கும், எனக்கு மலையேறுகிறவர்களை. ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் அவரே, "சிஸ்டரைக் கேளுங்கப்பா" என்பார். நான் எல்லாப் பந்தயங்களையும் பார்ப்பேன். பெண்கள் பந்தயங்களையும் விட மாட்டேன். அந்த வீராங்கனைகள் யார் எந்த ஊர், யாருக்குப் போன வருடம் காலர் எலும்பு முறிந்தது என்பதெல்லாம் அந்த வாசலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு மே மாதத்துக் காலையில் கடைக்காரர் அவளை அழைத்து வந்தார்.

"இன்னா ஸ்பீடுன்ற! சி.டி.எச். ரோட்ல நான் நம்ம ரேஸ் வண்டில போய்கினு கீறேன், கூடைல டிபன் பாக்ஸோட ஒரு லேடீஸ் சைக்கிள் என்னைத் தாண்டிகினு போது. நான் மிதி மிதின்னு மிதிச்சிப் புடிச்சி, யாரும்மா நீன்னு கேட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சுடிதார் துப்பட்டாவைக் குறுக்காக இழுத்து இடுப்பில் முடிந்திருந்தாள். காலில் ரப்பர் செருப்பு.

பட்டாபிராமுக்கு அப்பால் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. பஸ் சரியான நேரத்துக்கு வருவதில்லை என்று பத்து வருடமாக சைக்கிளிலேயே போய் வருகிறாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், முப்பத்தாறு. எட்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிறான். நான் எட்டு மாதம் பயிற்சி செய்து, காலணி மாற்றி, சாப்பாடு மாற்றி எட்டிப்பிடித்த வேகத்தை அவள் வேலைக்குப் போய்வந்தே சம்பாதித்து வைத்திருந்தாள்.

அன்று அந்தக் கூடை வைத்த சைக்கிளில் எங்களோடு நசரத்பேட்டை வரை வந்தாள். கடைசிவரை பின்தங்கவில்லை. மூன்றாவது வாரம் கடைக்காரர் உள்ளே தூசி படிந்து கிடந்த ஒரு பழைய ரேஸ் சைக்கிளைத் துடைத்து, செயின் மாற்றி, சீட்டை அவள் உயரத்துக்கு ஏற்றி, "இத்த ஓட்டு தங்கச்சி" என்று கொடுத்தார். என் சைக்கிளின் கியரைச் சரிசெய்ய நான் ஒரு மாதம் அவர் பின்னால் நடந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மேல் எனக்குக் கோபிக்க ஒன்றும் இருக்கவில்லை, அதுதான் என்னை இன்னும் படுத்தியது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. என்னைத் தேடி வந்து என் பக்கத்தில்தான் உட்காருவாள். டிப்போக்காரர், "தங்கச்சி, உனுக்குப் புடிச்ச ரேசர் யாரு?" என்று கேட்டதற்கு, "எனுக்கு ஒருத்தரையும் தெரியாதுண்ணா. அக்கா சொல்லுவாங்க, கேட்டுக்கறேன்" என்றாள். குழுவில் எல்லோருக்கும் நான் சிஸ்டர், அவளுக்கு மட்டும் அக்கா. நான் கஞ்சத்தனமாகச் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பாதி பதில். வாட்ஸ்அப் குழுவில் போட்ட படங்களில் அவள் நடுவில் இருப்பாள், நான் ஓரத்தில். அந்தப் படங்களைப் பெரிதாக்கி, அவள் ஹெல்மெட் கோணலாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். கோணலாகத்தான் இருக்கும். அவளிடம் அதைச் சொன்னதில்லை. "அவங்களுக்கு நல்ல ஃபிட்னஸ்" என்று யாராவது சொன்னால், "டெய்லி ஓட்டறாங்க இல்ல" என்பேன். நானும் தினமும்தான் ஓட்டினேன்.

ஜூலையில் வருடா வருடம் எங்களுக்குள் ஒரு போட்டி வைப்போம். நெமிலிச்சேரியில் ஆரம்பித்து வெளிவட்டச் சாலையில் தெற்கே இருபது கிலோமீட்டர். அதுவரை நான் ஆண்களோடு சேர்ந்து ஓட்டுவேன். பதினைந்து பேரில் பத்தாவதாகவோ பதினொன்றாவதாகவோ வருவேன், "பெண்களில் முதல்" என்று கைதட்டுவார்கள். அந்த வருடம் கடைக்காரர், "இப்ப ரெண்டு பேர் கீறீங்க. பொம்பளைங்களுக்குத் தனியா வெச்சிர்லாம்" என்றார். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கு அன்றே தெரிந்துவிட்டது, நேர்மையாக ஓட்டினால் இரண்டு பேரில் நான் இரண்டாவது.

ஜூலையில் அந்தச் சாலையில் தென்மேற்கிலிருந்து காற்று நேராக முகத்தில் அடிக்கும். மரமோ கட்டடமோ இல்லாத இடம். முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக்கொண்டு போக வேண்டும். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். சைக்கிள் பந்தயம் பார்க்கிற எவருக்கும் இது அரிச்சுவடி. அதனால்தான் பந்தயங்களில் மாறி மாறி முன்னால் போவார்கள். அவளுக்கு இது தெரியாது. வேகமாக இருப்பவர் முன்னால் போவார் என்பதுதான் அவள் அறிந்த சைக்கிள். இரண்டு மாதத்தில் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான்தான்.

புறப்படுவதற்கு முன் அவளே வந்து கேட்டாள். "அக்கா, எப்டி ஓட்டணும்? எனுக்குப் பயமா கீது."

"நீ முன்னாடி போ. உன் வேகத்துக்குப் போ" என்றேன். "நான் பின்னாடியே வரேன். நீ மெதுவானா குரல் குடுக்கறேன். புதுசா ஓட்டறவங்களுக்கு அதான் நல்லது."

"சரிக்கா" என்றாள். முகம் தெளிந்துவிட்டது.

ஆண்கள் போய்ப் பத்து நிமிடம் கழித்து எங்களை விட்டார்கள். நான் அவள் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அவள் தலையைக் குனிந்து காற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தாள். எனக்கு முன்னால் அவள் முதுகு, வியர்வையில் ஒட்டிய சட்டை, மேலும் கீழும் போகும் கால்கள். காற்று என் காதோரத்தில் மட்டும்தான் இருந்தது. மூன்று முறை திரும்பிப் பார்த்து, "அக்கா, கீறீங்களா?" என்று கேட்டாள். "இருக்கேன், போ போ" என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது அவள் குரல் தேய்ந்திருந்தது. சைக்கிள் லேசாக ஆட ஆரம்பித்தது. "மெதுவாயிட்ட, மிதி!" என்று கத்தினேன். மிதித்தாள்.

முடிவுக் கோட்டில் நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் நான் அவள் பின்னாலிருந்து பக்கவாட்டில் வெளியே வந்தேன். அவளைக் கடந்தபோது அவள் பக்கம் நான் திரும்பவில்லை. ஏழெட்டு சைக்கிள் நீள வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

கடைக்காரர் விசில் அடித்தார். டிப்போக்காரர் என் கையைக் குலுக்கி, "மூளைய வெச்சி ஓட்டிட்டீங்க சிஸ்டர்" என்றார். புகழ்ந்தாரா குத்தினாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. அவள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீங்க மட்டும் பின்னாடி இல்லன்னா பாதில உட்டுட்டு இருப்பேன்கா" என்றாள்.

அடுத்த ஞாயிறு எனக்கென்று ஒரு பை நிறைய முளைக்கீரையும் கத்திரிக்காயும் கொண்டுவந்தாள். அவர்கள் நிலத்தில் விளைந்தது. வீட்டில் சமைத்துச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது. பொறாமை மட்டும் போகவில்லை. ஜெயித்துவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அவள் திரும்பித் திரும்பிக் கேட்ட அந்த "கீறீங்களா" காதில் விழும்போதெல்லாம், இவளுக்கு மட்டும் எப்படி இப்படி வெள்ளையாக இருக்க முடிகிறது என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஆகஸ்டில் ஐரோப்பாவில் ஒரு பெண்கள் பந்தயம். ஞாயிறு மாலை கடையில் டிவியில் போட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. நான் மாலைப் பூசை முடித்து நேராக அங்கே போனேன். அவளும் வந்திருந்தாள், பிள்ளையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு. பெண்கள் பந்தயம் ஓட்டுவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டத்தில் இரண்டு பேர் மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னால் போனார்கள். முன்னால் இருந்தவள் உயிரைக் கொடுத்து மிதித்தாள். பின்னால் இருந்தவள் அவளை ஒட்டியே வந்தாள். முன்னால் வா என்று முன்னால் இருந்தவள் முழங்கையை அசைத்துக் கூப்பிட்டாள், மற்றவள் வரவில்லை.

"அந்தப் பொண்ணு ஏன்ணா கை ஆட்டுது?" என்று அவள் கேட்டாள்.

டிப்போக்காரர் குஷியாக விளக்க ஆரம்பித்தார். "முன்னாடி போறவதான் காத்த வாங்கறா. பின்னாடி கீறவளுக்கு சொகுசு. நீயும் கொஞ்சம் முன்னாடி வாம்மான்னு கூப்புடறா. அவ வர மாட்டா. கடைசில ஒரே ஜம்ப்பு, பாரு!"

அப்படியே நடந்தது. பின்னால் இருந்தவள் கடைசி நூறு மீட்டரில் வெளியே வந்து ஜெயித்துக் கையைத் தூக்கினாள்.

கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நம்ம சிஸ்டர் அன்னிக்குப் பண்ணாங்களே, அதே மேட்டர்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் முதலில் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. டிவியைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பரிசளிப்பு முடிவதற்குள் எழுந்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். மெயின் ரோட்டில் பஸ்கள் இரைந்துகொண்டிருந்தன. அவள் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"போட்டின்னா அப்படித்தான் ஓட்டுவாங்க" என்றேன். அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"போட்டின்னு சொல்லியிருந்தா நானும் போட்டியா ஓட்டியிருப்பேன்" என்றாள். "நான் கேட்டேன். நீங்க சொல்லிக்குடுத்தீங்க. எனுக்கு நல்லதுன்னு சொன்னீங்க."

பூட்டைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"தோத்தது ஒண்ணும் இல்லக்கா. ஊட்ல எல்லார்கிட்டயும் உங்களப் பத்தியே பேசிகினு இருந்தேன். இப்ப அவங்ககிட்ட இன்னான்னு சொல்வேன்?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறு ஞாயிறு அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரக்கூடாது என்றும் நினைத்தேன். வந்தாள். ஆனால் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னணியில் போகிற நான்கைந்து ஆண்களோடு சேர்ந்துகொண்டாள். யார் பின்னால் எப்போது ஒதுங்க வேண்டும், எப்போது முன்னால் வர வேண்டும் என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு அவள் முதுகைக்கூட நான் பார்க்கவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது அவள் டீ குடித்து முடித்திருப்பாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்துப் போய், அவளைச் சுற்றி ஆட்கள் நிற்பதைப் பார்த்து, மறுபடி வயிறு எரிந்து, திரும்பி வந்த நாட்கள் உண்டு.

பொங்கல் முடிந்து ஒரு நாள் அவளே என் வேலை இடத்துக்கு வந்தாள். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். வேறு ஒரு மாவட்டத்தில் பெண்களுக்கு ஒரு பந்தயம், கடைக்காரர் பெயர் கொடுத்துவிட்டார்.

"ஒரு ராத்திரி தங்கணும். தொணைக்கு ஒரு பொம்பள வந்தா அனுப்பறேன்னு ஊட்ல சொல்றாங்க" என்றாள். "வர்றீங்களா?"

"என்னையா கேக்கற?"

"உங்களத்தான் கேக்கறேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

போனேன். சைக்கிளைப் பஸ்ஸின் பின்பக்கத்தில் படுக்க வைத்துக் கட்டினோம். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பெண்கள். நல்ல வண்டிகள், ஒரே மாதிரி சட்டைகள். அவளை யாரோ ஒரு வீராங்கனையின் அம்மா என்று நினைத்து, "பசங்க எங்க ரிப்போர்ட் பண்ணணும்னு தெரியுமா ஆன்ட்டி?" என்று ஒரு பெண் கேட்டது. அவள் சிரித்துவிட்டு, "எனுக்கும் அதான் தெரியலம்மா" என்றாள்.

பந்தயம் ஒரே பாதையில் ஐந்து சுற்று. நான் தூரத்துத் திருப்பம் வரை கண்ணுக்குத் தெரிகிற ஒரு புளிய மரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். மூன்று சுற்றுவரை அவள் கூட்டத்தின் நடுவில் பத்திரமாக இருந்தாள். நான்காவது சுற்றில் கூட்டம் என்னைக் கடந்து போனது. அவள் அதில் இல்லை. கொஞ்ச தூரத்தில் தனியாக வந்துகொண்டிருந்தாள், வாயைத் திறந்து, தோள்கள் ஆடியபடி.

அந்த நொடியில் எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எந்த வார்த்தையாலும் சொல்ல முடியாது. அவளும் தோற்பவள்தான் என்று நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அவள் என்னைக் கடக்கும்போது தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் பாட்டிலை நீட்ட மறந்து நின்றேன்.

முப்பது பேருக்கு மேல் ஓட்டியதில் அவள் பத்தொன்பதாவதாக வந்தாள். துடைத்துக்கொள்ளத் துண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்டாள். "நான் பின்னாடி தங்கிட்டப்போ உங்களுக்கு சந்தோஷமா இருந்திச்சி இல்ல?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "மூஞ்சிலயே தெரிஞ்சிது."

"ஜூலைல பண்ணதும் தப்புதான்" என்றேன். "உன்ன ஏமாத்தறேன்னு தெரிஞ்சேதான் பண்ணேன்."

"அது தெரியும்கா" என்றாள். ஐந்து மாதம் கழித்து அக்கா என்ற அந்த வார்த்தை வந்தது. அவள் அதைக் கவனித்துச் சொன்னாளா, பழக்கத்தில் வந்ததா, தெரியாது. பிறகு அவளே சொன்னாள். "கடைக்கார அண்ணன் அவரு வொய்ஃப தொணைக்கு வரச் சொல்றேன்னாரு. வந்திருந்தா இன்னா சொல்லுவாங்க? பரவால்லம்மா, ஒரு கொழந்தய பெத்துட்டு, இந்த வயசுல இவ்ளோ ஓட்டனதே பெரிசுன்னுவாங்க. எல்லாரும் அதான் சொல்வாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. உங்களுக்கு நான் ஓட்டறது உறுத்துது. அப்ப நான் நல்லாத்தான் ஓட்டறேன்னு அர்த்தம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் எரிந்தது. அவளும் சிரித்தாள்.

"நாலாவது ரவுண்டுல இன்னா தப்புப் பண்ணேன்? சொல்லுங்க" என்றாள். "இந்த வாட்டி உண்மைய சொல்லுங்க."

சொன்னேன். திருப்பத்துக்கு முன்பே கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டதை, அங்கே இருந்தால் திருப்பத்துக்குப் பிறகு எல்லோரும் வேகமெடுக்கும்போது இரண்டு மடங்கு மிதிக்க வேண்டியிருக்கும் என்பதை, காற்று வலமிருந்து வந்தால் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதை, தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை. இத்தனை வருடங்கள் இரவு பகலாகப் பந்தயங்களைப் பார்த்து நான் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள், இடம் போதாமல் என் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இதையெல்லாம் இவள் தெரிந்துகொண்டால் இனி எந்த ஜென்மத்திலும் இவளை என்னால் பிடிக்க முடியாதே என்று எனக்குள் எரிந்துகொண்டேதான் இருந்தது. பூந்தமல்லி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.